விரலுக்குத் தெரிந்தது நூலுக்கும் தெரியும்

கடையநல்லூரில் தறிச் சத்தம் கேட்க இப்போது தெருத் தெருவாகத் தேட வேண்டியிருக்கிறது. கைலி நெசவுக்குப் பேர்போன ஊர். தறியை விட்டவர்கள் முதலில் சிங்கப்பூருக்கும் பிறகு வளைகுடாவுக்கும் போனார்கள். 1941லேயே சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் வைக்கும் அளவுக்கு அங்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. மிச்சமிருந்த குழித்தறி ஒன்றில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே பாவின் மேல் விரலை ஓட்டினார். எங்கே தொய்வு, எங்கே விறைப்பு என்று பார்க்காமலே அந்த விரல் கண்டுபிடித்துவிடுகிறது.

அவரிடம் காட்ட நான் கொண்டுபோயிருந்ததும் நூல்தான். தான் எவ்வளவு இழுபடுகிறோம் என்பதைத் தானே சொல்லும் நூல்.

உலோகக் கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறும் என்று பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1856ல் கண்டார். 1938ல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் இருவரும் தனித்தனியே அதை ஓர் அளவு கருவியாக்கினார்கள். மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசுக்குள் இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கருவியின் உலோகம் நூற்றில் சில பங்கு நீண்டாலே பாழாகிவிடும். முழங்காலை மடக்கும்போது மேல்தோலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட நீள்கிறது. 2011ல் ஜப்பானின் ஏ.ஐ.எஸ்.டி. ஆய்வு நிறுவனத்தில் கார்பன் நானோ குழாய்களை வரிசையாகப் படியவைத்து, 280 சதவீதம் வரை இழுத்தாலும் அளவு சொல்லும் உணரியைச் செய்தார்கள். அதைக் காலுறையிலும் கையுறையிலும் வைத்து உடம்பின் அசைவைப் படித்தார்கள்.

நூல் வழி இதைவிட எளிது, நமக்கு நெருக்கமானதும்கூட. நடுவில் எலாஸ்டிக் இழை. அதன் மேல் வெள்ளி பூசிய நைலான் நெருக்கமாகச் சுற்றியிருக்கும். சும்மா இருக்கும்போது சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் மின்சாரம் குறுக்கே தாவிப் போய்விடும். இழுத்தால் இடைவெளி விடும். மின்சாரம் ஒவ்வொரு சுற்றையும் முழுசாகச் சுற்றித்தான் வர வேண்டும். தடை ஏறும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இந்த அமைப்பை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? ஜரிகைதான்! பட்டு நூல் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றுகிற வேலை. நடுவிலிருக்கும் பட்டை எடுத்துவிட்டு ரப்பரை வையுங்கள், உணரி தயார். 1990களின் பிற்பகுதியில் எம்.ஐ.டி. மீடியா லேபில் ரெமி போஸ்ட், மேகி ஆர்த் இருவரும் துணியில் மின்சுற்று அமைக்க முயன்றபோது எடுத்துக்கொண்டதே உலோகம் சுற்றிய ஊடு நூல் ஓடும் பட்டுத் துணியைத்தான். இந்தியாவில் நூறாண்டாவது இது நெய்யப்படுகிறது என்று அவர்களே எழுதியும் வைத்தார்கள். அதே காலத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக்., எம்.டெக். முடித்துப் போன சுந்தரேசன் ஜெயராமன் ஜார்ஜியா டெக்கில் சிப்பாய்களுக்கான 'ஸ்மார்ட் சட்டை'யை நெய்தார். குண்டு துளைத்த இடத்தைச் சொல்ல அதில் ஒளியிழை ஓடியது. இந்தத் துறையின் ஆரம்பத்திலேயே நம் ஆள் ஒருவர் இருந்தார் என்பது ஜவுளிப் படிப்பை இளக்காரமாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு தகவல்.

இதனால் யாருக்கு லாபம்? முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பாருங்கள். தினமும் எத்தனை தடவை, எவ்வளவு மடக்கினார் என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே பொய்தான். இந்த நூல் வைத்த முழங்கால் உறை பொய் சொல்லாது. மூச்சை எண்ண மார்புப் பட்டையிலும் இதே நூல் போதும்.

இவ்வளவு எளிது என்றால் கடையில் ஏன் கிடைப்பதில்லை? துவைக்க வேண்டுமே. வெள்ளி கொலுசே கறுத்துப்போகிறது. வியர்வையும் சோப்பும் பட்ட வெள்ளிப் பூச்சு மட்டும் தாங்குமா? மெத்தென்ற நூல் விறைப்பான கம்பியோடு சேரும் முடிச்சுதான் முதலில் அறும். ஒன்றிய அரசு 2020ல் தொழில்நுட்ப ஜவுளிக்கென்று 1,480 கோடி ரூபாயில் தேசிய இயக்கம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. கோவையின் சிட்ரா ஜவுளி ஆய்வு நிறுவனத்தில் மருத்துவ ஜவுளிக்குத் தனி மையமே இருக்கிறது. ஆனால் முறுக்கும் முடிச்சும் கைவந்த ஆட்கள் இருக்கும் கடையநல்லூர் மாதிரி ஊர்களை யாரும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

நான் கொண்டுபோனது டெய்லர் கடை எலாஸ்டிக்கில் வெள்ளி நூலை நானே சுற்றிய சாமான். இரண்டு முனையிலும் மல்டிமீட்டர். பெரியவர் அதைத் தன் முழங்காலில் கட்டச் சொன்னார். கட்டியதும் மிதியை அழுத்தினார். எண் ஏறியது. காலை எடுத்தார், இறங்கியது. நாலைந்து மிதிக்குப் பிறகு, இறங்கிய எண் பழைய இடத்துக்கு வராமல் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. ரப்பரின் இந்தப் புத்திதான் ஆய்வுக்கூடங்களிலும் ஆட்டி வைக்கிறது.

மீட்டரை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நூலை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"சுத்து சீரா இல்லயே தம்பி. இங்க நெருக்கமா இருக்கு, இங்க அகண்டு கெடக்கு. இழுத்துப் பிடிச்சுச் சுத்தாம விட்டுட்டிய."

அவிழ்த்து, எலாஸ்டிக்கின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டார். பிறகு முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார்.