வாட் கணக்கும் வீட்டு இசையும்

கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணி நகரைச் சார்ந்த பாக்கார் ஆராங் போன்ற இடங்களில் வரிசை வீடுகள் பல உண்டு. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவராகும். இத்தகைய வீட்டின் கூடத்தில் வானொலிப் பாடலைத் தெளிவாகக் கேட்க எத்தனை வாட் ஆற்றல் தேவை? சிறிய ஆம்ப்ளிபையர் வாங்குவோர் முதலில் விடை காண வேண்டிய வினா இதுவே.

விடை ஸ்பீக்கரில் இருக்கிறது. அதன் உணர்திறன் 88 டெசிபெல் எனக் குறித்திருந்தால், 1 வாட் செலுத்தும்போது 1 மீட்டர் தொலைவில் அந்த அளவு ஒலி எழும் என்பது பொருள். சாதாரண உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபெல்தான். ஆகவே, அமைதியாகக் கேட்பதற்கு 1 வாட்டுக்கும் குறைவானதே போதும். இசையில் திடீரென எழும் முழக்கங்களுக்காகவே மிகுதி ஆற்றல் வேண்டியிருக்கிறது. 50 வாட்டை 100 வாட்டாக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. ஒலி இரு மடங்காகத் தோன்ற வேண்டுமெனில் ஆற்றல் பத்து மடங்காக வேண்டும்.

இனி, பெட்டியின் மேல் காணும் எண்ணைச் சோதிப்போம். '100 + 100 வாட்' என்று அச்சிட்டிருக்கும். உடன் வரும் அடாப்டரிலோ '24 வோல்ட், 4 ஆம்பியர்' என்றிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 96 வாட். உள்ளே வருவது 96 ஆயிருக்க, இடைவிடாது 200 வெளியேறுவது எங்ஙனம்? இக்காலச் சிறிய கருவிகளில் பெரும்பாலானவை 'டி' வகையைச் சேர்ந்தவை. பெறும் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை அவை பயனாக்கும். அவ்வாறாயினும், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 43 வாட் அளவே கிட்டும். வீட்டுக்கு அது தாராளம்; ஆனால், 200 வாட்டுக்கு உரிய விலையைக் கொடுப்பது வீண்.

இம்மயக்கம் புதிதன்று. இவ்வகையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது, இங்கிலாந்தில் 1964இல் வெளியான சின்கிளேர் எக்ஸ்-10. பெயரில் பத்து இருந்தும் அது தந்தது 2.5 வாட்டே.

வாங்குமுன் மேலும் மூன்றைக் கவனித்தல் நலம். முதலாவது, வாட் எண் எத்தனை சதவீதச் சிதைவில் அளக்கப்பட்டது என்பது. 10 சதவீதமெனில் அந்த அளவில் ஒலி கரகரக்கும். 1 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பதே ஏற்றது. இரண்டாவது, ஓம் பொருத்தம். 4 ஓம் ஸ்பீக்கர் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். கருவி அதைத் தாங்குமா என்று கேட்டறிய வேண்டும். மூன்றாவது, அடாப்டரில் சிரிம் முத்திரை உண்டா என்பது.

மிஞ்சும் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடலாம். காதுக்கு எட்டும் வேறுபாடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.