விளக்கச் சொல்கிறதா, கட்டமைக்கச் சொல்கிறதா?

மூன்று ரவுட்டர்களை ஒரே சுவிட்சில் இணைத்து ஓஎஸ்பிஎஃப் என்ற ரவுட்டிங் நெறிமுறையை ஓடவிட்டால், அவற்றில் ஒன்று எல்லோருக்கும் பொதுவான பிரதிநிதியாக நிற்கும். டெசிக்னேட்டட் ரவுட்டர், சுருக்கமாக டிஆர் என்பார்கள். முன்னுரிமை எண் அதிகமுள்ள ரவுட்டர்தான் டிஆர். அதில் எல்லாம் சமம் என்றால் ரவுட்டர் ஐடி பெரியதாக உள்ளது டிஆர். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்த விதி இருக்கும். படிப்பவர் ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடுவார். பிறகு ஒரு நாள் லேப்பில் நான்காவதாக ஒரு ரவுட்டரைச் சேர்க்கிறார். இருப்பதிலேயே பெரிய ஐடி அதற்குத்தான். ஆனால் டிஆர் மாறவில்லை. கட்டளையைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்கிறார். பழைய ரவுட்டரே பதவியில் இருக்கிறது. ஒரு முறை டிஆர் ஆனதைப் பின்னால் வந்த பெரிய ஐடி இறக்கிவிடாது என்ற வரியும் அதே புத்தகத்தில், அடுத்த பத்தியிலேயே இருந்தது. கண்ணில் பட்டிருக்கும், மனதில் தங்கவில்லை. அரை மணி நேரம் திணறியபின் அந்த வரி மறக்கவே மறக்காது.

நெட்வொர்க் தேர்வுகளுக்கு எதை வைத்துப் படிப்பது என்ற கேள்வி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அடிப்படைத் தேர்வை நல்ல நினைவாற்றலால் ஓரளவு கடந்துவிடலாம். அடுத்த படியில் அது நடக்காது.

சிஸ்கோவின் சான்றிதழ்களையே எடுத்துக்கொள்ளலாம். உச்சியில் இருப்பது 1993-இல் தொடங்கிய சிசிஐஇ. அடியில் 1998-இல் வந்த சிசிஎன்ஏ. இரண்டுக்கும் நடுவில் சிசிஎன்பி. 2020 பிப்ரவரி 24 அன்று சிஸ்கோ இந்த அமைப்பையே மாற்றியது. அதுவரை ரவுட், சுவிட்ச், டிஷூட் என்று மூன்று தேர்வுகள் எழுதினால்தான் ரவுட்டிங் பிரிவில் சிசிஎன்பி கிடைக்கும். இப்போது எண்டர்பிரைஸ் பிரிவில் இரண்டு போதும்: எல்லோருக்கும் பொதுவான என்கோர், அத்துடன் விருப்பப்படி ஒரு சிறப்புத் தேர்வு. என்கோரின் எண் 350-401, நேரம் 120 நிமிடம், கட்டணம் 400 டாலர். சிறப்புத் தேர்வுக்கு 90 நிமிடம், 300 டாலர். இரண்டும் சேர்ந்தால் நம் பணத்தில் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். சென்னையிலோ கோவையிலோ நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் இளைஞருக்கு இது பெரிய தொகை. தோற்றால் மறுபடியும் முழுக் கட்டணம். ஆகவே புத்தகத்துக்கும் லேப்புக்கும் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் சரியான இடத்துக்குப் போக வேண்டும்.

அதற்கான முதல் கருவி காசில்லாமல் கிடைக்கிறது. தேர்வில் என்னென்ன வரும் என்ற பாடத்திட்டத்தைச் சிஸ்கோவே வெளியிடுகிறது. பலர் அதில் தலைப்புகளை மட்டும் பார்ப்பார்கள்: ஓஎஸ்பிஎஃப் இருக்கிறது, பிஜிபி இருக்கிறது, பைத்தான் கூட இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு வினைச்சொல்லோடு இருக்கிறது. ஓரிடத்தில் 'விவரி' என்கிறது. இன்னோரிடத்தில் 'ஒப்பிடு'. மற்றொன்றில் 'கட்டமைத்துச் சரிபார்'. எந்தப் பாடத்துக்கு எந்தப் பொருள் வேண்டும் என்பதைச் சொல்வது அந்த வினைச்சொல்தான்.

ஈஐஜிஆர்பி நல்ல உதாரணம். சிஸ்கோ உருவாக்கிய ரவுட்டிங் நெறிமுறை அது. 2020-க்கு முந்தைய ரவுட் தேர்வுப் புத்தகங்களில் அதற்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கியிருப்பார்கள். என்கோர் பாடத்திட்டத்திலும் அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் வினைச்சொல் 'ஒப்பிடு'. ஓஎஸ்பிஎஃபோடு வைத்துப் பார்த்து, எது எப்படிப் பாதையைத் தேர்ந்தெடுக்கிறது, பாரத்தை எப்படிப் பகிர்கிறது என்று தெரிந்தால் போதும். அதே பாடத்திட்டத்தில் ஓஎஸ்பிஎஃபுக்கு நேராக நிற்பது 'கட்டமை'. பல ஏரியாக்கள், பாதைகளைச் சுருக்கி அறிவித்தல், வடிகட்டுதல் எல்லாம் கைப்பழக்கமாக இருக்க வேண்டும். சீனியர் கொடுத்த பழைய புத்தகத்தை நம்பி ஈஐஜிஆர்பியில் மூன்று வாரம் லேப் போட்டவர், ஓஎஸ்பிஎஃபுக்குத் தர வேண்டிய நாட்களை அங்கே விட்டுவிட்டார். அதே ஈஐஜிஆர்பி, எனார்சி என்ற சிறப்புத் தேர்வில் 'கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்' என்ற வினையோடு திரும்பி வருகிறது. அங்கே அந்த மூன்று வாரம் பத்தாது.

பைத்தான் என்றதும் நெட்வொர்க் ஆட்கள் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த என்கோர் பாடத்திட்டத்தின் 1.1 பதிப்பில் தானியக்கப் பிரிவுக்கு 15 சதவீதம் என்பதைப் பார்த்ததும் ஐம்பது மணி நேர பைத்தான் வகுப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். பாடத்திட்டம் கேட்பது என்னவோ எளிய பைத்தான் நிரலைப் படித்துப் பொருள் சொல்வதைத்தான். எழுதச் சொல்லும் இடங்களில் ஒன்று, ஜேசன் கோப்பு ஒன்றைப் பிழையில்லாமல் அமைப்பது. அடைப்புக்குறியும் காற்புள்ளியும் இடம் மாறினால் எது உடையும் என்று தெரிய வேண்டும். தொடக்கநிலைப் புத்தகம் ஒன்றின் முதல் சில அத்தியாயங்களும் நாலைந்து மாலைப் பொழுதுகளும் இதற்குப் போதும். பைத்தான் முழுதாகக் கற்பது வேலைக்கு உதவும், சந்தேகமில்லை. ஆனால் தேர்வுத் தேதியை வைத்துக்கொண்டு அதைத் தொடங்கக் கூடாது.

பதிப்பு எண்ணைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பாடத்திட்டத்தைச் சிஸ்கோ அவ்வப்போது திருத்துகிறது. பொருட்களின் பெயரையும் மாற்றுகிறது. டிஎன்ஏ சென்டர் இன்று கேட்டலிஸ்ட் சென்டர். விமேனேஜ் இன்று எஸ்டி-வான் மேனேஜர். ஆகவே காசு கொடுக்கும் முன் புத்தக அட்டையிலோ காணொளித் தலைப்பிலோ உள்ள பதிப்பை நடப்புப் பாடத்திட்டத்தோடு வைத்துப் பார்ப்பது அவசியம். ஆனால் பழையது எல்லாமே குப்பை என்று தூக்கிப் போடுவதும் தவறு. நிறுவனத்தின் பொருட்களைப் பற்றிய அத்தியாயங்கள்தான் சீக்கிரம் பழசாகின்றன. நெறிமுறைகள் அப்படியில்லை. ஓஎஸ்பிஎஃப் இரண்டாம் பதிப்பை வரையறுக்கும் ஆர்எஃப்சி 2328-ஐ ஜான் மாய் எழுதியது 1998-இல். இன்றைய ரவுட்டரும் அதன்படிதான் ஓடுகிறது. ஜெஃப் டாயிலின் 'ரவுட்டிங் டிசிபி/ஐபி' முதல் தொகுதியின் இரண்டாம் பதிப்பு 2005-இல் வந்தது. பாதைத் தேர்வு ஏன் இப்படி நடக்கிறது என்று அதைவிடப் பொறுமையாகச் சொல்லும் தேர்வுப் புத்தகம் அரிது. பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் விடக் கூடாது.

முதன்மைப் புத்தகம் ஒன்றே ஒன்று போதும். என்கோருக்குச் சிஸ்கோ பிரஸ் வெளியிடும் அதிகாரபூர்வ வழிகாட்டி, பிராட் எட்ஜ்வொர்த் உள்ளிட்டோர் எழுதியது, அதற்குப் பொருத்தமானது. ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும், இது ஏற்கெனவே தெரியுமா என்று சோதிக்கும் சிறு வினாத்தொகுப்பு உண்டு. அதைத் தாண்டி நேராகப் பாடத்துக்குப் போகிறவர்களே அதிகம். அந்தப் பரிசோதனைதான் எந்த அத்தியாயத்தில் உட்கார வேண்டும், எதை ஒரு பார்வையில் முடிக்கலாம் என்று காட்டுகிறது. தலையணை கனத்தில் இருக்கும் புத்தகத்தில் இந்த உதவி சின்னதல்ல. இன்னொரு விஷயம். சிசிஎன்பி எழுத சிசிஎன்ஏ தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2020-இல் போய்விட்டது. நேரடியாகத் தாவுகிறவர்கள், சப்நெட் கணக்கில் தடுமாறினால், வெண்டல் ஓடமின் இரண்டு தொகுதி சிசிஎன்ஏ வழிகாட்டிக்குத் திரும்பிப் போவதில் வெட்கமே தேவையில்லை. அங்கே செலவாகும் ஒரு மாதம் இங்கே இரண்டு மாதத்தை மிச்சப்படுத்தும்.

லேப்புக்கு வருவோம். பழைய ரவுட்டரையும் சுவிட்சையும் தேடி வாங்கி, வீட்டில் அலமாரி முழுக்க அடுக்கி, மின்விசிறி இரைச்சலுக்கு நடுவே படித்த தலைமுறை ஒன்று உண்டு. 2005-இல் கிறிஸ்டோஃப் ஃபியோ டைனமிப்ஸ் என்ற மென்பொருளை எழுதினார். சிஸ்கோ 7200 ரவுட்டர் சாதாரணக் கணினிக்குள் ஓடத் தொடங்கியது. ஜெரமி கிராஸ்மன் அதன் மேல் படம் வரைந்து இணைக்கும் வசதியோடு ஜிஎன்எஸ்3-ஐக் கட்டினார். அதன்பின் லேப் என்பது லேப்டாப்பிலேயே அடங்கிவிட்டது.

சிஸ்கோவே இலவசமாகத் தரும் பாக்கெட் டிரேசரைத்தான் பெரும்பாலான மாணவர்கள் முதலில் பார்க்கிறார்கள். சிசிஎன்ஏவுக்கு அது அருமையான கருவி. என்கோருக்கு வரும்போது கை கட்டப்பட்டதுபோல் ஆகிவிடும், ஏனென்றால் அது நிஜமான மென்பொருளை ஓட்டுவதில்லை, ரவுட்டரைப் போல நடிக்கிறது. விஎக்ஸ்லான், லிஸ்ப் போன்றவை அதில் இல்லை. சிஸ்கோ மாடலிங் லேப்ஸ், அதாவது சிஎம்எல், நிஜ மென்பொருளோடு வருகிறது. தனிநபர் உரிமம் ஆண்டுக்கு 199 டாலர். ஐந்து கருவிகள் வரை ஓட்டக்கூடிய இலவசப் பதிப்பும் உண்டு. டிஆர் தேர்தல், ஏரியாக்களைப் பிரித்தல், இரண்டு பிஜிபி அண்டை ரவுட்டர்கள் என ஐந்து கருவிகளுக்குள் செய்து பார்க்கக்கூடியது ஏராளம். ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி சமூகப் பதிப்பு இரண்டும் இலவசம்தான், ஆனால் ரவுட்டர் மென்பொருளை உரிமத்தோடு நாமே கொண்டுவர வேண்டும். எதை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது கணினியின் நினைவகம். கேட்டலிஸ்ட் 8000வி என்ற மெய்நிகர் ரவுட்டர் ஒன்றுக்கே 4 ஜிபி தேவை. 8 ஜிபி லேப்டாப்பில் அதை நான்கு ஓட்ட முடியாது. ஆண்டு உரிமம் வாங்கியபின் இதைக் கண்டுபிடிப்பவர்கள் படும் வேதனை தேவையற்றது.

வீட்டில் கட்டவே முடியாத பாடங்களும் இருக்கின்றன. எஸ்டி-ஆக்சஸ் அமைப்பை முழுதாக எழுப்ப ஒரு நிறுவனத்தின் வசதி வேண்டும். நல்லவேளையாக அங்கே வினைச்சொல் 'செயல்படும் விதத்தை விளக்கு' என்ற அளவில் நிற்கிறது. புத்தகத்தோடு, சிஸ்கோ லைவ் மாநாட்டு உரைகளின் இலவசத் தொகுப்பும், டெவ்நெட் சாண்ட்பாக்ஸில் கிடைக்கும் இலவசச் சூழல்களும் இதற்குத் தாராளம்.

காணொளிகள் ஒரு பாடத்தை முதல் முறை அறிமுகம் செய்துகொள்ளச் சிறந்தவை. தமிழில் விளக்குகிறவர்களும் யூடியூபில் இருக்கிறார்கள். ஸ்பேனிங் ட்ரீ ஏன் ஒரு வழியை அடைக்கிறது என்பதை வீட்டில் பேசும் மொழியில் கேட்கும்போது வரும் தெளிவே தனி. ஆனால் என்கோர் வினாத்தாள் தமிழில் கிடையாது, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். வாக்கியத்தின் நடுவே ஒரு 'நாட்' ஒளிந்திருக்கும். தமிழில் புரிந்துகொண்டதை அதிகாரபூர்வப் புத்தகத்தின் ஆங்கிலத்தில் மறுபடி படிப்பது அதனால் கட்டாயம்.

மாதிரித் தேர்வு தயாரிப்பின் கடைசி வாரங்களுக்கானது. சரியான விடை எது என்று மட்டும் சொல்லாமல், மற்ற மூன்றும் ஏன் தவறு என்றும் விளக்கும் தொகுப்பே காசு கொடுக்கத் தக்கது. போசன் நிறுவனத்தின் எக்ஸ்சிம் அந்த வகையில் பெயர் பெற்றது. நிஜத் தேர்வில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. பயிற்சியிலும் அப்படியே எழுதிப் பழக வேண்டும்.

இனி டம்ப்ஸ். தேர்வில் வந்த கேள்விகளைத் திருடித் தொகுத்து விற்கும் கோப்புகள். 'ரெண்டு வாரம் டம்ப்ஸ் பாரு, பாஸ்' என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. தேர்வுக்கு முன் ஒவ்வொருவரும் கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்ற ரகசியக்காப்பு ஒப்பந்தத்தை ஏற்கிறார்கள். மீறியது தெரிந்தால் சான்றிதழை ரத்து செய்யவும் மேற்கொண்டு எழுதத் தடை போடவும் சிஸ்கோவுக்கு உரிமை உண்டு. அதைவிடப் பெரிய நஷ்டம் பிறகு வருகிறது. நேர்காணலில் எதிரே இருப்பவர் வெள்ளைப் பலகையில் மூன்று ரவுட்டர்களை வரைந்து பேனாவை நீட்டும்போது டம்ப்ஸ் கூட வராது.

எனார்சியின் 'கோளாறைக் கண்டுபிடி' என்ற வினைக்கு மட்டும் கடையில் முழுமையான பொருள் கிடைப்பதில்லை. ரேமண்ட் லாகோஸ்டும் எட்ஜ்வொர்த்தும் எழுதிய வழிகாட்டியில் கோளாறுப் பயிற்சிகள் இருக்கின்றன. ஆனால் அத்தியாயத் தலைப்பைப் பார்த்தாலே நோய் எந்த உறுப்பில் என்று தெரிந்துவிடுகிறது. நல்ல வழி, சேர்ந்து படிக்கும் இரண்டு பேர் ஒருவர் லேப்பை மற்றவர் கெடுத்து வைப்பது. ஒருவர் ஓர் இணைப்பின் ஒரு முனையில் ஐபி எம்டியுவை மட்டும் 1400 ஆக்கிவிட்டு டீ குடிக்கப் போகிறார். மற்றவர் வந்து உட்காருகிறார். பிங் போகிறது. ஹலோ செய்திகளும் போகின்றன. ஏரியா எண், நேர இடைவெளி எல்லாம் சரி. ஆனால் அண்டை ரவுட்டர் எக்ஸ்ஸ்டார்ட் நிலையைத் தாண்ட மறுக்கிறது. அவர் ஆர்எஃப்சி 2328-ஐத் திறந்து, அண்டை ரவுட்டரின் நிலைகளை வரிசையாகச் சொல்லும் பத்தாம் பிரிவைத் தேடத் தொடங்குகிறார்.