செருயாவின் புதல்வர்

எபிரேயரின் மறைநூலைப் பயில்வார், ஆடவர் பெயரோடு தந்தை பெயரும் இயைந்து வருதலை அடிக்கடி காண்பர். ஈசாயின் மகன் தாவீது, நேரின் மகன் அப்னேர், யோய்தாவின் மகன் பெனாயா என்று, இன்னார் மகன் இன்னார் எனக் கூறுவதே அந்நூலின் மரபு. அம்மரபுக்குப் புறம்பாக மூவர் நிற்கின்றனர். தாவீதரசனின் படைத்தலைவனாகிய யோவாப், அவன் உடன்பிறந்தாராகிய அபிசாய், ஆசகேல் என்போரே அவர். இம்மூவரையும் அந்நூல் ‘செருயாவின் புதல்வர்’ என்றே வழங்குகின்றது. செருயா என்பாள் அவர்களைப் பெற்ற தாய். 20 இடங்களுக்கு மேல் அவள் பெயர் வந்தும், அவள் பேசியதாக ஒரு சொல்லோ, செய்ததாக ஒரு செயலோ யாண்டும் இல்லை.

தாய்ப்பெயரால் மைந்தரை வழங்குதல் பாரதம் படித்த நமக்குப் புதிதன்று. கங்கை மைந்தன் காங்கேயன். குந்தி மைந்தர் கௌந்தேயர். வளர்த்தவள் பெயரால் கர்ணன் இராதேயன். எனினும் அவர்தம் தந்தையரையும் நாம் அறிவோம். யோவாபின் தந்தை பெயரையோ மறைநூல் ஓரிடத்தும் கூறிற்றிலது. கி.பி. 93 அளவில் யூதர் வரலாறு எழுதிய யோசேப்பஸ் என்பார் அவன் பெயர் சூரி என்கின்றார். அது மறைநூலுக்குப் புறத்தே நின்ற செய்தி.

தந்தை பெயர் மறையத் தாய் பெயர் நிலைத்தது ஏன்? விடை முதலாம் நாளாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. ஆங்கு ஈசாயின் புதல்வர் எழுவரை எண்ணி, ஏழாமவனாகத் தாவீதை நிறுத்தி, செருயாவும் அபிகாயிலும் அவர்தம் சகோதரிகள் என்கின்றது நூல். செருயாவுக்கு மக்கள் மூவர். அபிகாயிலுக்கு மகன் அமாசா. ஆகவே யோவாப் அரசனுக்கு மருகன். அரசன் அவனுக்குத் தாய்மாமன். அவ்வுறவு தாய்வழி வந்ததாகலின், தாயின் பெயரே அவனுக்கு அரண்மனைப் பெயராயிற்று என்பது என் கருத்து.

இனித்தான் சிக்கல். இரண்டாம் சாமுவேலின் பதினேழாம் அதிகாரம் அபிகாயிலை ஈசாயின் மகள் என்னாது, நாகாஸ் என்பானின் மகள், செருயாவின் சகோதரி என்கின்றது. நாகாஸ் என்னும் எபிரேயச் சொல்லுக்குப் பாம்பு என்பது பொருள். (நம் ‘நாக’த்தோடு அதனை முடிச்சிட விரைவார் சற்றுப் பொறுக்க, ஒலியொப்புமை ஒன்றே கொண்டு சொல்லுறவு காண்டல் ஆகாது.) யூத அறவோர் தம் தல்மூதில் இதற்கு நயமான விளக்கம் ஒன்று தந்தனர். ஈசாய் தன் பாவத்தால் இறந்தவன் அல்லன். ஆதியில் ஏவாளை வஞ்சித்த பாம்பின் சூழ்ச்சியால் உலகில் நுழைந்த சாவினாலேயே இறந்தான். ஆதலின் ஈசாயே நாகாஸ் எனப்பட்டான் என்பது அவ்விளக்கம். சுவையானதே, ஆயினும் மனம் அமைதி பெறவில்லை. இரண்டு வசனங்கள் தள்ளி, அம்மோனியர் நகரத்து நாகாஸின் மகன் சோபி வருகின்றான். அப்பெயரை ஏடெழுதினோர் மயங்கி மேலே எழுதினர் என்பாரும் உளர். கிரேக்க மொழிபெயர்ப்பின் சில ஏடுகள் ஈசாய் என்றே பாடங் கொள்ளும்.

வேறு சிலர், ஈசாயின் மனைவி முன்னர் நாகாஸ் என்பானை மணந்திருந்தாள், பெண்மக்கள் இருவரும் அவனுக்குப் பிறந்தவர் என்பர். யான் இதன்பாலே சார்கின்றேன். நாளாகமம் அவ்விருவரையும் ஈசாயின் புதல்வியர் என்று கூறவில்லை. அவன் புதல்வரின் சகோதரிகள் என்றே நுணுக்கமாகக் கூறுகின்றது. மேலும், தாவீது சவுலுக்கு அஞ்சித் திரிந்த காலத்திலேயே, அவனோடு நள்ளிரவிற் பகைப்பாசறை புகுந்த வீரன் அபிசாய். இளையவனாகிய தாவீதுக்குச் செருயா மிக மூத்த அக்கையாதல் வேண்டும். மாமனும் மருகரும் ஏறத்தாழ ஒத்த வயதினராய் வளர்ந்திருத்தல் கூடும்.

இவ்வுறவை உள்ளத்திற் கொண்டு கதையைப் படித்தால் அதன் கொடுமை விளங்கும். கிபியோன் போரிற் புறங்கொடுத்த அப்னேர், தன்னை விடாது துரத்திய ஆசகேலை ஈட்டியின் பின்முனையாற் குத்திக் கொன்றான். யோவாப் அப்பழியை எப்ரோன் வாயிலில் தீர்த்தான். அன்று தாவீது, செருயாவின் புதல்வர் தனக்கு மிஞ்சியவர் என்று நொந்தான். பின்னர் அப்சலோம் கலகஞ் செய்தபோது அவன் படைக்கு அமாசா தலைவனானான். கலகம் அடங்கியதும் தாவீது அவனைத் தன் எலும்பும் தசையும் என அழைத்து, யோவாபின் பதவியை அவனுக்கு அளிப்பதாக வாக்களித்தான். யோவாப் கிபியோனின் பெரிய கல்லருகே அமாசாவைச் சந்தித்து, சகோதரனே எனக் கூவி நலம் வினவி, முத்தமிடுவான் போல வலக்கையால் தாடியைப் பற்றி, மறுகை வாளால் வயிற்றிற் குத்தினான். அச்சகோதரச் சொல்லுக்குத் தமிழ் படிப்போருக்கு உரை வேண்டா. தாயும் சிறிய தாயும் பெற்ற மக்கள் நம்மிடை அண்ணன் தம்பியரே. செருயாவும் அபிகாயிலும் உடன்பிறந்தார். மைந்தனைக் கொன்றவன் தமக்கை மகன். மாண்டவன் தங்கை மகன்.

தாவீது இறக்குந் தறுவாயிலும் இதனை மறந்தானில்லை. செருயாவின் மகன் யோவாப் செய்ததை நீ அறிவாய் என்று சாலொமோனிடம் கூறி, அவன் நரைமயிர் அமைதியாகக் குழி சேரவொட்டாதே எனப் பணித்தான். தமக்கை மகனைக் கொல்லப் பணித்த வாய் அப்போதும் தமக்கையின் பெயரையே சொல்லிற்று. பெனாயா அவனைப் பலிபீடத்தருகே வெட்டினான். வனாந்தரத்திலிருந்த அவன் வீட்டிலேயே அவனை அடக்கினர்.

ஆசகேல் அடங்கிய இடம் வேறு. அவன் உடலைப் பெத்லகேமுக்குக் கொண்டு சென்று, தந்தையின் கல்லறையில் வைத்தனர் என்கின்றது நூல். அங்கும் அத்தந்தையின் பெயர் இல்லை. செருயாவைப் பற்றியும் பேச்சில்லை.