ஆயிரம் வாட் என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?

டிவி மெலிந்துகொண்டே வந்ததில் முதலில் அடிபட்டது ஒலிதான். பழைய பிக்சர் டியூப் பெட்டியில் ஸ்பீக்கருக்கு இடம் இருந்தது. இன்றைய டிவியில் உள்ளங்கையில் அடங்கும் ஸ்பீக்கர்களைக் கீழ்ப்பக்கமாகவோ பின்பக்கமாகவோ திருப்பி வைக்கிறார்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித்தான் நம்மிடம் வருகிறது. சண்டைக்காட்சி அலறுகிறது, வசனம் காதில் விழுவதில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். அதனால்தான் சவுண்ட்பாரும் வயர்லெஸ் சப்வூஃபரும் சேர்ந்த செட்டுகள் தீபாவளித் தள்ளுபடியில் இவ்வளவு விற்கின்றன. சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டியும் விலை போகிறது.

இவ்வளவு பணம் கொடுக்கும்போது, அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதில் எது அளவு, எது விளம்பரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பொருளின் தரம், அளவு, ஆற்றல், விலை ஆகியவற்றை அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

முதலில் வாட். ஏமாற்றம் அதிகம் நடப்பது இந்த எண்ணில்தான். ‘பி.எம்.பி.ஓ.’ என்று போட்டு 5,000, 10,000 என்று எழுதியிருந்தால் அதைப் பொருட்படுத்தவே வேண்டாம். அந்த அளவுமுறைக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது. தயாரிப்பவர் தன் விருப்பப்படி கணக்கிட்டுக்கொள்ளலாம். ‘பீக்’ என்பது கண நேரத்துக்கு எட்டும் உச்சம். கேட்க வேண்டியது ‘ஆர்.எம்.எஸ்.’, அதாவது தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒலியில் 10 சதவீதம் சிதைவு வரை விட்டுக்கொடுத்து அளந்தால் எண் பெரிதாக வரும். 1 சதவீதத்துக்குள் நிறுத்தி அளந்தால் சுருங்கிவிடும். நல்ல நிறுவனங்கள் எந்தச் சிதைவில் அளந்தோம் என்பதையும் விவரக் குறிப்பில் சொல்லிவிடுகின்றன.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சவுண்ட்பார் தனி அடாப்டரில் ஓடுவதாக இருந்தால் அந்த அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வெளியீட்டைப் பாருங்கள். 19 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் பெருக்கினால் 57 வாட். அந்த அடாப்டரில் ஓடும் பாரால் 57 வாட்டுக்கு மேல் தொடர்ந்து தர முடியாது. பெட்டியில் பாருக்கு மட்டும் 200 வாட் என்று போட்டிருந்தால், எந்த அளவுமுறை என்று கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. நேரடியாகப் பிளக்கில் செருகும் மாடல்களில் இந்தக் கணக்கு செல்லாது. அவற்றின் பின்பக்கம் எழுதியிருக்கும் மின்செலவு பெரும்பாலும் குறைந்த ஒலியில் அளக்கப்பட்டது. அதை வைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம்.

எல்லா ஸ்பீக்கர்களின் வாட்டையும் கூட்டிப் போட்டதுதான் பெட்டியில் தெரியும் எண். பல மாடல்களில் அதில் பாதியளவு சப்வூஃபருக்கே போய்விடும். வசனம் வருவதோ பாரிலிருந்து. வாட் இரண்டு மடங்கானால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி ஹாலில் சீரியலும் செய்தியும் கேட்கச் செலவாவது சில வாட்தான். எனவே 300 வாட்டுக்கும் 400 வாட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பதே என் முடிவு.

அந்தப் பணத்தை வேறொன்றுக்குக் கொடுங்கள். 2.1 என்றால் இடம், வலம், ஒரு சப்வூஃபர். 3.1 என்றால் நடுவில் வசனத்துக்கென்றே ஒரு ஸ்பீக்கர் கூடுதலாக இருக்கிறது. பேச்சு புரியவில்லை என்பதற்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், பெரிய சப்வூஃபர் உள்ள 2.1-ஐவிட அளவான 3.1 மேலானது. 5.1 என்று எழுதியிருந்தால், பின்னால் வைக்கும் இரண்டு ஸ்பீக்கர்கள் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் பின்பக்கமிருந்து ஒலி வருவதுபோல் மென்பொருளால் தோற்றம் காட்டுகிறார்கள் என்று பொருள். தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் காட்டும் டால்பி அட்மாஸ் மாடல்களில் மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர் இருந்தால், அது கூரையில் பட்டுத் திரும்ப வேண்டும். தட்டையான கான்கிரீட் கூரைக்கு அது சரிவரும்; ஓட்டு வீட்டின் சாய்ந்த கூரைக்குச் சரிவராது. பெரும்பாலான தமிழ்ச் சேனல்கள் ஸ்டீரியோவில்தான் வருகின்றன. நெட்ஃபிளிக்ஸில் அட்மாஸ் ஒலி பிரீமியம் திட்டத்துக்கு மட்டுமே. இதையெல்லாம் விற்பனையாளர் தானாகச் சொல்ல மாட்டார்.

வயர்லெஸ் சப்வூஃபர் என்றதும் வயரே இல்லை என்று நினைத்து வாங்குகிறவர்கள் பலர். பாரிலிருந்து ஒலி வரும் வயர் மட்டும்தான் இல்லை. கரண்ட் வயர் உண்டு. சப்வூஃபர் வைக்கப்போகும் மூலையில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். ஏற்கெனவே டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை மோடம் எல்லாம் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதையும் செருகாதீர்கள்.

பாரும் சப்வூஃபரும் 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டியே பெரும்பாலும் பேசிக்கொள்கின்றன. வீட்டு வைஃபையும் அங்கேதான் இயங்குகிறது. சப்வூஃபரை மோடத்துக்குப் பக்கத்திலோ சுவருக்கு அப்பாலோ வைத்தால் ஒலி விட்டுவிட்டு வரலாம். அதன் விளக்கு நிலையாக எரிந்தால் இணைந்திருக்கிறது, மினுக்கினால் இணையவில்லை என்பதே பொதுவான வழக்கம். பழுது என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவதற்கு முன் மோடத்தைத் தள்ளிவைத்து, கையேட்டில் சொன்னபடி மறுபடி இணைத்துப் பாருங்கள். மிகத் தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. ஆகவே டிவிக்கு நேர் கீழேதான் வைக்க வேண்டும் என்பதில்லை. அறை மூலையில் ஒட்டி வைத்தால் பாஸ் ஊதிப் பெருகி வசனத்தை அமுக்கும். ஒரு முழம் தள்ளிவைத்தாலே மாற்றம் தெரியும்.

பெரிய அபாயம் இனிமேல்தான் வருகிறது. ஒரு நிறுவனத்தின் வயர்லெஸ் சப்வூஃபர் இன்னொரு நிறுவனத்தின் பாரோடு சேராது. ஒரே நிறுவனத்தின் வேறு மாடலோடுகூடப் பல நேரம் சேராது. தனியாகவும் எளிதில் கிடைக்காது. மூன்றாம் ஆண்டில் சப்வூஃபரின் போர்டு போய், உதிரிபாகம் வருவதில்லை என்று சொல்லிவிட்டால், பாதி செட் பேசாமல் கிடக்கும். அதனால் வாங்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: உங்கள் ஊரில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? வாரன்டியில் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? சப்வூஃபருக்கும் பாருக்கும் ஒரே வாரன்டி காலமா? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளத்தைத் தொடங்கியது. அதில் சேர்ந்த நிறுவனங்களின் பழுதுபார்ப்பு விவரங்களை அங்கே காணலாம். வாரன்டி அட்டையின் பொடி எழுத்தையும் படியுங்கள். எலி, பூச்சியால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சப்வூஃபரின் காற்றுத் துளையோ எலிக்கும் கரப்பானுக்கும் வசதியான வாசல்.

இணைப்பைப் பொறுத்தவரை, டிவியின் பின்னால் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. அல்லது இ-ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆப்டிகல் வயரும் போதும், ஆனால் அதில் அட்மாஸ் வராது. புளூடூத்தில் இணைத்தால் வாய் அசைவுக்குப் பின்னால் வசனம் வர வாய்ப்பு அதிகம்.

பில் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் “பில் வேண்டாம்னா ஐந்நூறு குறைச்சுக்கலாம்” என்பார்கள். அந்த ஐந்நூறுக்காக நீங்கள் இழப்பது வாரன்டியையும் வழக்குப் போடும் ஆதாரத்தையும். பில் தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. மாடல் பெயரும் வரிசை எண்ணும் பில்லில் இருக்கட்டும். பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரிப்பு நாடு, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். மின்னணுப் பொருளில் சில விவரங்கள் கியூஆர் குறியீட்டுக்குள் இருக்கலாம். அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் பதிவுக் குறியும் ‘ஆர்’ என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் பதிவு செய்த நிறுவனம் யார் என்று தெரிந்துவிடும். போலிகளைப் பிடிக்க இது நல்ல வழி.

ஆன்லைனில் வாங்கினால் நீங்கள் கேட்காமலே எக்ஸ்டெண்டட் வாரன்டி கூடையில் ஏறியிருக்கிறதா பாருங்கள். இப்படிச் சேர்ப்பதும், பொய்யாக ‘இன்னும் 2 மட்டுமே’ என்று அவசரப்படுத்துவதும் 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டு நெறிமுறைகளில் தடை செய்யப்பட்டவை. குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கடையில் வாங்கியிருந்தாலும், குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற நடவடிக்கைதான். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லில் அச்சிட்டுவிட்டதால் மட்டும் குறையுள்ள பொருளை விற்றவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒலி மனதுக்குப் பிடிக்கவில்லை என்பது குறை ஆகாது. அதற்காகத் திருப்பித் தரும் உரிமையைச் சட்டம் தரவில்லை. கடையோ தளமோ தரும் சலுகை மட்டுமே உண்டு. எனவே முடிந்தால் கடையில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் போட்டுக்காட்டும் அதிரடிப் பாட்டு வேண்டாம். உங்கள் போனிலிருந்து ஒரு செய்தி வாசிப்பையும் வசனக் காட்சியையும் போடச் சொல்லுங்கள்.

பழுது வந்தால் வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி புகார் எண் வாங்குங்கள். சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் ஜாப் ஷீட் கேட்டுப் பெறுங்கள்; ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்ததற்கு அதுதான் சான்று. ஒலி விட்டுப்போவதைப் போனில் படம்பிடித்து வையுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் கவலையில்லை. வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பழுதை நீக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, இழப்பீடு கொடுக்கவோ ஆணையம் உத்தரவிட முடியும். ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் கூடுதலாகவே ஆகிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாட் கணக்கில் பொய் சொல்லும் விளம்பரம் என்றால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் உரிமை இருக்கிறது. தாழ்ந்த ஒலி சுவரையும் தளத்தையும் ஊடுருவும். ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. தனியார் ஒலிக்கருவியின் சத்தம் அவரவர் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் இரவில் உரத்த ஒலியை அடக்கும் ‘நைட் மோட்’ போட்டுக்கொள்ளுங்கள். வசனம் தெளிவாகவும் இருக்கும். காதுக்கும் எல்லை உண்டு: பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

வழக்குத் தொடுக்கக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் வரை சட்டம் அவகாசம் தருகிறது. அதுவரையாவது பில், வாரன்டி அட்டை, வாட் எண் அச்சிட்ட அந்த அட்டைப்பெட்டி மூன்றையும் தூக்கிப் போடாமல் வையுங்கள்.