ஸ்கூட்டியை விட்டு பைக்குக்கு மாறப் போறீங்களா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை



போன மாதம் வத்திராயிருப்பு பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் கடன் விண்ணப்பம் வாசித்துக் கொண்டிருந்தோம். ஆடு, மாடு, தையல் மிஷின் என்று வந்தது. ஒரு அக்கா மட்டும் "பைக் வாங்க 60,000 ரூபாய்" என்று எழுதியிருந்தார். "வீட்டுக்காரருக்கா?" என்று ஊக்குநர் கேட்டார். "இல்ல, எனக்குத்தான்" என்றார் அந்த அக்கா. கூட்டத்தில் ஒரே சிரிப்பு.

அந்த அக்கா ஸ்கூட்டியில் சேலை வியாபாரம் செய்கிறவர். கூமாப்பட்டி, கான்சாபுரம், கிருஷ்ணன்கோவில் என்று ஊர் ஊராகப் போய் தவணைக்குக் கொடுப்பார். வண்டி பழசாகிவிட்டது. பெட்ரோலுக்கே லாபம் போகுது என்பதுதான் அவர் கவலை. இதில் சிரிக்க என்ன இருக்கு? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டபோதும் ஊர் இப்படித்தான் சிரித்தது. பிறகு அந்தப் பெண்களே சைக்கிளில் தண்ணீர் கொண்டு வந்தார்கள், விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றிப் போனார்கள். சிரிப்பு நின்றுபோனது.

ஆனால் ஆசை இருந்தால் மட்டும் போதாது. நானும் களப்பணிக்காக ஸ்கூட்டியில் இருந்து பைக்குக்கு மாறியவள். தெரியாமல் பட்ட கஷ்டத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி: நமக்கு பைக்தான் வேணுமா?

கீழ்க்கண்டவற்றை யோசியுங்கள்.

• பால் கேன், அரிசி மூட்டை, தீவனம் இவற்றை காலடியில் வைத்து ஏற்றுகிறவர்களுக்கு ஸ்கூட்டர் அல்லது டிவிஎஸ் எக்ஸ்.எல். தான் வசதி. பைக்கில் அந்த இடம் கிடையாது. பின்னால்தான் கட்ட வேண்டும்.

• எப்போதும் சேலைதான் கட்டுவேன் என்றால் பைக்கில் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது சிரமம். சுடிதாருக்குப் பிரச்சினை இல்லை. துப்பட்டாவை மட்டும் இறுக்கி முடிந்துகொள்ள வேண்டும்.

• தினமும் தூரம் அதிகமா, ரோடு மோசமா, இருவர் போவதா, அணைப் பக்கம் தோட்டத்துப் பாதையா? அப்படியானால் பைக் நல்லது. ஸ்கூட்டர் சக்கரம் 10 அல்லது 12 அங்குலம். பைக் சக்கரம் 17, 18 அங்குலம். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வித்தியாசம் இடுப்புக்குத் தெரியும்.

பெட்ரோல் கணக்கையும் பாருங்கள். மாதம் 1,000 கி.மீ. ஓடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கி.மீ. கொடுத்தால் சுமார் 22 லிட்டர் ஆகும். பைக் 60 கி.மீ. கொடுத்தால் சுமார் 17 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் மாதம் 500 ரூபாய்க்கு மேல் மிச்சம். மாதம் 200 கி.மீ. கூட ஓடாதவருக்கு 100 ரூபாய்தான் மிஞ்சும். அதற்காக வண்டி மாற்ற வேண்டாம்.

லைசென்ஸ் எடுத்துப் பாருங்கள்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. லைசென்ஸில் "கியர் இல்லாத வண்டி", "கியர் உள்ள வண்டி" என்று இரண்டு வகை உண்டு. 2018-ல் அரசு பெண்களுக்கு அம்மா இருசக்கர வாகனத் திட்டம் கொண்டு வந்தபோது, பாதி விலை அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அதை மானியமாகக் கொடுத்தார்கள். அது கியர் போடத் தேவையில்லாத வண்டிகளுக்கான திட்டம். சில ஆண்டுகளில் திட்டம் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் அவசரமாக லைசென்ஸ் எடுத்த நம் சகோதரிகள் பலரிடம் இருப்பது கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ்தான். அதை வைத்து பைக் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். அபராதம் 5,000 ரூபாய். அதைவிடப் பெரிய நஷ்டம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சிக்கலாகிவிடும்.

வழி சுலபம்தான். கியர் வண்டிக்கு எல்.எல்.ஆர். போடுங்கள். அது 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஆர்.டி.ஓ. ஆபீசில் கியர் வண்டியில் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். அதுவரை முன்னும் பின்னும் சிவப்பு "எல்" போர்டு கட்டாயம். கற்றுத் தருகிறவர் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது.

எந்த பைக்?

முதல் பைக்குக்கு 100 முதல் 110 சிசி போதும். தம்பிமார் பேச்சைக் கேட்டு 150, 160 என்று போக வேண்டாம். கடையில் நான்கு விஷயம் பாருங்கள்.

1. உயரம்: சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமாவது தரையில் அழுந்த வேண்டும். ஆக்டிவா சீட் உயரம் சுமார் 765 மி.மீ. ஸ்பிளெண்டர் பிளஸ் 785, ஹோண்டா ஷைன் 100 கிட்டத்தட்ட அதே அளவு. பிளாட்டினா 100 சுமார் 807. ஐந்தடி உயரக்காரருக்கு இந்த ஓர் அங்குலம் பெரிய விஷயம்.

2. எடை: ஷைன் 100 சுமார் 99 கிலோ. ஸ்பிளெண்டர் 112 கிலோ. கடைக்காரர் ஸ்டாண்டு போட்டுத் தர விடாதீர்கள். நீங்களே சென்டர் ஸ்டாண்டு போடுங்கள், எடுங்கள். பத்தடி பின்னுக்குத் தள்ளுங்கள். முடியவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.

3. கியர் முறை: சில வண்டிகளில் எல்லா கியரும் முன்னால் அழுத்திப் போடுவது. ஸ்பிளெண்டர் அப்படித்தான். சிலவற்றில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. கற்றுக்கொண்ட வண்டியும் வாங்கும் வண்டியும் ஒரே முறையாக இருந்தால் குழப்பம் இல்லை.

4. சேலை கார்டு, கைப்பிடி: பின் சக்கரத்தில் துணி சிக்காமல் இருக்கத் தடுப்பும், பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அழகுக்காக அதைக் கழற்றச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள்.

இடது கை செய்யும் தப்பு

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

ஸ்கூட்டரில் இடது கை பிடித்தால் பின் பிரேக். பைக்கில் இடது கை பிடித்தால் கிளட்ச். பின் பிரேக் வலது காலில் இருக்கிறது. முன் பிரேக் மட்டும்தான் இரண்டிலும் வலது கையில்.

நான் பைக் வாங்கி பத்து நாள் இருக்கும். கிருஷ்ணன்கோவில் ரோட்டில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. பழக்க தோசத்தில் இடது கையை இறுக்கிவிட்டேன். வண்டி நிற்கவில்லை. கிளட்ச் பிடித்ததால் இன்ஜின் இழுவையும் விட்டுப்போய், வண்டி வழுக்கிக் கொண்டு ஓடியது. ஆட்டுக்காரம்மா குட்டியை இழுத்துவிட்டார், பிழைத்தோம். நான் முள்வேலி ஓரம் போய் நின்றேன். இது எனக்கு மட்டும் நடப்பதல்ல. பல வருசம் ஸ்கூட்டர் ஓட்டிய கைக்கு இப்படித்தான் வரும். "எனக்குத்தான் ஓட்டத் தெரியுமே" என்று நினைப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஆகவே மெயின் ரோட்டுக்குப் போகும் முன் காலி மைதானத்தில் காலை நேரம் பதினைந்து நாளாவது பழகுங்கள். முதலில் கிளட்சை மெதுவாக விட்டு ஊர்ந்து போவது. அடுத்து வலது கையும் வலது காலும் சேர்த்து பிரேக் பிடிப்பது. பிறகு யாரையாவது "நில்லு" என்று திடீரென்று கத்தச் சொல்லி நிறுத்திப் பழகுவது. கை தானாக மாறும் வரை வேகம் வேண்டாம். வீட்டில் ஸ்கூட்டியும் இருந்தால் இந்த நாட்களில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் முதல் நாளில் இருந்தே வேண்டும்.

கடன் வாங்கும்போது

"வட்டி 10 சதவீதம்தான்" என்பார்கள். எந்தக் கணக்கு என்று கேளுங்கள். 60,000 ரூபாய், 3 வருடம் என்று எடுத்துக்கொள்வோம்.

• நிலையான வட்டி 10%: மொத்த வட்டி 18,000 ரூபாய். மாதம் சுமார் 2,167.

• குறையும் வட்டி 12%: மொத்த வட்டி சுமார் 11,750 ரூபாய். மாதம் சுமார் 1,993.

12 என்பது 10-ஐ விடப் பெரிசாகத் தெரியும். ஆனால் கட்டும் பணம் 6,000 ரூபாய்க்கு மேல் குறைவு. அந்த 10% நிலையான வட்டி, உண்மையில் ஏறக்குறைய 18% குறையும் வட்டிக்குச் சமம். ஆவணக் கட்டணம், முன்கூட்டி முடித்தால் அபராதம் இவற்றையும் எழுத்தில் கேளுங்கள்.

ஆர்.சி. யார் பேரில்?

கடன் உங்கள் பேரில், வண்டி வீட்டுக்காரர் பேரில். நம் குழுக்களில் இது சகஜம். குடும்பத்துக்குள் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். வித்தியாசம் உண்டு. இன்சூரன்ஸில் "உரிமையாளர்-ஓட்டுநர்" தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய்க்கு உண்டு. அது ஆர்.சி.யில் பேர் உள்ளவருக்கு, அவரிடம் சரியான லைசென்ஸ் இருந்தால்தான் கிடைக்கும். தினமும் ஓட்டுவது நீங்கள், பேர் அவருடையது என்றால், உங்களுக்கு ஏதாவது ஆனால் அந்தத் தொகை உங்கள் பிள்ளைகளுக்கு வராது. கடன் தவணை மட்டும் உங்கள் பேரில் நிற்கும்.

எனவே ஓட்டுகிறவர் பேரில் ஆர்.சி., அவர் கையில் கியர் வண்டி லைசென்ஸ். இரண்டும் இருந்தால்தான் குழுவில் வாகனக் கடனைப் பரிந்துரைக்க வேண்டும் என்பது என் கருத்து. பழைய வண்டி வாங்கினாலும் படிவம் 29, 30 கொடுத்து பேர் மாற்றிவிடுங்கள்.

அந்த அக்காவின் விண்ணப்பம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். லைசென்ஸைப் பார்த்தோம், கியர் இல்லாத வகை. கடனை நிறுத்தி வைத்தோம். அவருக்குக் கோபம்தான். மறுவாரமே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் எல்.எல்.ஆர். போட்டுவிட்டார். இப்போது தினமும் காலை அண்ணன் மகனின் பழைய பைக்கில் மைதானத்தில் பழகுகிறார். அன்று அதிகம் சிரித்த இரண்டு பேர் பக்கத்தில் நின்று "நில்லு, நில்லு" என்று கத்துகிறார்கள்.

உங்கள் குழுவிலும் கியர் வண்டி லைசென்ஸ் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். ஐந்து பேர் சேர்ந்தால் ஒரே நாளில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் வரலாம். துணைக்கு நான் வருகிறேன்.