பில் அனுப்ப மறந்தீங்களா? ஃப்ரீலான்ஸர்களுக்குக் கைகொடுக்கும் ‘குட்டி’ டூல்... நீங்களே உருவாக்கலாம்!

செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் வாரச்சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஆடு கைமாறும்போதே காசும் கைமாறிவிடும். அதே ஊரில் வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் டிசைனோ, மொழிபெயர்ப்போ, வீடியோ எடிட்டிங்கோ செய்பவர்களின் நிலைமை வேறு. வேலை இன்றைக்குப் போகும். பணம் என்றைக்கோ வரும். பில் அனுப்புவது, ஞாபகப்படுத்துவது, வந்த தொகையைச் சரிபார்ப்பது எல்லாம் நம் தலையில்தான்.

டிப்ளமோ முடித்த புதிதில், இங்கே இருந்துகொண்டே நானும் ஃப்ரீலான்ஸாக மொழிபெயர்ப்பு செய்தேன். 4,500 ரூபாய் வேலை ஒன்றுக்கு பில் அனுப்பிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அனுப்பவே இல்லை என்பது ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அவர்கள் அந்த வருடக் கணக்கை முடித்துவிட்டார்கள். தப்பு என்னுடையது; பணமும் போனது.

ஒரு பில்லால் பிறந்த நிறுவனம்

இந்தத் தலைவலி நமக்கு மட்டுமில்லை. கனடாவின் டொரன்டோவில் சின்ன டிசைன் நிறுவனம் நடத்திவந்தவர் மைக் மெக்டர்மென்ட். 2003-ல் வேர்டில் பில் தயாரித்தபோது, பழைய பில் ஃபைலின் மேலேயே புதியதைச் சேமித்துவிட்டார். பழையது காலி! வெறுத்துப்போனவர், இரண்டு வாரம் உட்கார்ந்து தன் தேவைக்கு ஒரு பில்லிங் டூல் எழுதினார். அதுதான் பிறகு ‘ஃப்ரெஷ்புக்ஸ்’ என்ற நிறுவனமாக வளர்ந்தது.

நாம் நிறுவனம் ஆரம்பிக்க வேண்டாம். நமக்கு எங்கே பணம் விட்டுப்போகிறதோ, அந்த ஓட்டையை மட்டும் அடைத்தால் போதும்.

செல்போனே போதும்

கூகுள் ஷீட்ஸ் ஆப்பைத் திறந்து ஏழு தலைப்புகள் போடுங்கள்: வாடிக்கையாளர், வேலை, ஒப்படைத்த தேதி, பில் தொகை, பில் அனுப்பிய தேதி, கெடு தேதி, வந்த தொகை.

கெடு தேதிக் கட்டத்தில் சமக்குறி போட்டு, ஒப்படைத்த தேதிக் கட்டத்தைத் தொட்டு, ‘+15’ என்று அடியுங்கள். தேதி தானாக வந்துவிடும். ‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’ வசதியில், பில் அனுப்பிய தேதி காலியாக இருந்தால் கட்டம் சிவப்பாகும்படி வைத்துவிடுங்கள். டூல் ரெடி!

அது என்ன 15 நாள்?

2006-ம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வேலை வாங்கியவர், எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கியின் ‘பேங்க் ரேட்’டைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. சேவைத் தொழில் செய்யும் தனிநபரும் ‘உத்யம்’ தளத்தில் இலவசமாகப் பதியலாம். வேலையை எடுப்பதற்கு முன்பே பதிந்துவிடுவது நல்லது.

வந்த தொகை குறைகிறதா? டி.டி.எஸ். பிடித்திருக்கலாம். தொழில்முறைக் கட்டணத்துக்குப் பொதுவாக 10 சதவிகிதம். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் கணக்கில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால், ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

ஏ.ஐ. உதவுமா?

உதவும். ‘கெடு தாண்டிய பில்களைத் தினமும் எனக்கு மெயில் அனுப்பும்படி ஆப்ஸ் ஸ்கிரிப்ட் எழுதிக்கொடு’ என்று தமிழிலேயே கேட்கலாம். அதைப் பொருத்த மட்டும் கம்ப்யூட்டர் தேவைப்படும். முதலில் ஷீட்டின் நகல் ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். வாடிக்கையாளரின் வங்கி எண், பான் எண்ணையெல்லாம் ஏ.ஐ.யிடம் கொடுக்காதீர்கள்.

டூல் ஞாபகப்படுத்தும், போன் போட்டுக் கேட்க வேண்டியது நாம்தான். சந்தை கூடும் செவ்வாய்தான் எனக்கும் கணக்கு நாள். பத்து நிமிடம் ஷீட்டைப் பார்ப்பேன். சிவப்புக் கட்டம் இருந்தால், பில் அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை!