கோடையில் இறங்கும், குளிரில் ஏறும் ஏரி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் லேக் பிளசன்ட் பூங்காவுக்கு. சுற்றிலும் கள்ளிப் பாலைவனம், நடுவில் நீலமாகப் பெரிய நீர்த்தேக்கம். படகு விடவும் தூண்டில் போடவும் கரையில் கூடாரம் அடிக்கவும் மக்கள் திரண்டு வரும் இடம். புறப்படுவதற்கு முன் இதன் நீர்மட்டக் கணக்கைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

அகுவா ஃப்ரியா ஆற்றின் குறுக்கே 1927-இல் முதல் அணை கட்டினார்கள். பிறகு 1990-களில் அதற்குச் சற்றுக் கீழே, இன்னும் உயரமான நியூ வாடெல் அணை எழுந்தது. பழைய அணை இன்று தண்ணீருக்கடியில் கிடக்கிறது. ஏரியில் இப்போது நிற்பது பெரும்பாலும் கொலராடோ ஆற்று நீர். கால்வாய் வழியாகப் பாலைவனத்தைக் கடந்து வரும் அந்த நீரை, மின்சாரத் தேவையும் பாசனத் தேவையும் குறைந்திருக்கும் குளிர்காலத்தில் பம்பு செய்து ஏரியில் ஏற்றுகிறார்கள். கோடையில் நகரங்களுக்கும் வயல்களுக்கும் திறந்துவிடுகிறார்கள். அப்படித் திறக்கும்போது மின்சாரமும் எடுக்கிறார்கள். அதனால் வசந்தத்தில் ஏரி ததும்பி நிற்கும். கோடை முடிவதற்குள் பல அடி இறங்கி, கரைப் பாறைகளில் வெள்ளைக் கோடு தெரியும்.

என்னைக் கேட்டால் மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான் போக வேண்டிய நேரம். தண்ணீர் நிறைந்திருக்கும், வெயில் தாங்கும்படி இருக்கும், முட்டையிட ஆழமற்ற கரையோரத்துக்கு வரும் பாஸ் மீன்கள் தூண்டிலுக்கு எட்டும். ஜூன், ஜூலையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது கெளுத்தி பிடிப்பவர்கள் இரவில்தான் உட்காருகிறார்கள். பத்து வயது ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் கட்டாயம்.

குளிர்காலத்தில் கரையோரமாகக் கூடாரம் அடிப்பவர்கள் தண்ணீர் விளிம்பை ஒட்டிப் போட வேண்டாம். ஏறிக்கொண்டிருக்கும் ஏரி அது. தண்ணீர், மின் இணைப்புள்ள முகாம் இடங்களும் பூங்காவில் உண்டு. குடும்பத்தோடு வருபவர்களுக்கு அவையே நல்லது. காட்டுக் கழுதைகள் இந்தப் பக்கம் நடமாடும். குழந்தைகள் ஆசைப்பட்டாலும் தீனி கொடுக்காதீர்கள்.

மலைப் பள்ளத்தாக்கு நிரம்பி உண்டான ஏரி என்பதால் பல இடங்களில் கரையிலிருந்து சில அடி வைத்ததுமே தரை செங்குத்தாக இறங்கிவிடும். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் ஓடும் படகில் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும் என்பது மாநிலச் சட்டம். நீச்சல் தெரிந்த பெரியவர்களும் போட்டுக்கொள்வதே சரி. வெண்தலைக் கழுகுகள் கூடு கட்டுவதால் டிசம்பர் நடுவிலிருந்து ஜூன் நடுவரை ஏரியின் ஒரு பகுதிக்குள் யாரும் போகக்கூடாது.

கிளம்பும்போது ஒரு வேலை பாக்கி இருக்கும். குவாகா என்ற சிறு சிப்பி இந்த ஏரியில் பரவியிருக்கிறது. விரல் நகம் அளவுதான். கொத்துக் கொத்தாக ஒட்டிக் குழாய்களையே அடைத்துவிடும். அதன் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது, படகுக்குள் தேங்கிய கொஞ்சம் தண்ணீரிலேயே பயணம் போய்விடும். ஆகவே படகைக் கரையேற்றியதும் அடியிலுள்ள வடிகால் மூடியைக் கழற்றி, தண்ணீர் முழுவதையும் வடியவிட்டு, ஒட்டியிருக்கும் பாசியைத் துடைத்தெடுங்கள். வேறொரு ஏரியில் இறக்குமுன் படகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.